பில்லருக்குள் குடைக்கம்பி

முன்னால் வேலை செய்தவனைத் திட்டாத டிங்கரை நான் இதுவரை பார்த்ததில்லை. நானும் திட்டியிருக்கிறேன். தொழில் பழக வந்திருக்கும் நீங்களும் இந்நேரம் தொடங்கியிருப்பீர்கள். அடிபட்ட கார் ஒன்று வரும், பெயிண்டைச் சுரண்டுவோம், அடியில் விரல் கனத்துக்குப் பட்டி பூசிப் பள்ளத்தை மறைத்திருப்பார்கள். உடனே வாய் தானாகத் திறந்துகொள்ளும். "எந்தப் புண்ணியவான்யா இந்த வேலையப் பார்த்தது?" அந்தப் புண்ணியவான் பதில் சொல்ல அங்கே இருக்கமாட்டான் என்பதுதான் அதில் உள்ள சுகம்.

என் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை அவன் அங்கேயே இருந்தான். அதைத்தான் உங்களுக்குச் சொல்லப்போகிறேன். தகட்டைத் தட்டுவதும் வெல்டிங் வைப்பதும் போகப்போகக் கையே கற்றுக்கொள்ளும். இது கை கற்றுக்கொள்ளாத விஷயம்.

எழுபதுகளின் நடுவில் கஞ்சிக்கோட்டில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் நான் பெரிய மேஸ்திரி. கோயம்புத்தூர் சாலையோரம் புதுப்புதுத் தொழிற்சாலைகள் வந்துகொண்டிருந்தன. அவற்றின் லாரிகள் மற்ற வண்டிகளை இடித்துக்கொண்டே இருந்ததால் எங்களுக்கு வேலைக்குக் குறைவில்லை. எனக்குச் சொந்த ஊர் போடி. அதற்கு முன் சில வருஷம் உடும்பஞ்சோலையில் ஏலத்தோட்டத்து ஜீப்புகளுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த மழையும் அட்டைக்கடியும் போதும் என்று கீழே இறங்கியவன். வயது முப்பத்திரண்டு. கை நன்றாக ஓடிய காலம். வாய் அதைவிட நன்றாக ஓடியது. எங்கள் பெயிண்டர் அப்புக்குட்டன் பாலக்காட்டு மலையாளி. நான் எதைச் சொன்னாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். அப்படி ஒரு ஆள் பக்கத்தில் இருந்தால் எவனுக்கும் வாய் நீளும்.

ஒருநாள் காலையில் க்ரீம் நிறத்தில் ஒரு பழைய அம்பாசடர் வந்தது. கொண்டுவந்தவர் பழனிச்சாமி. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கடலையும் தென்னையும் வைத்திருந்த விவசாயி. உயரமான மனிதர், பேச்சு குறைவு. கருங்கல் லாரி ஒன்று பார்க்காமல் ரிவர்ஸில் வந்து அவர் காரின் இடது பக்க மட்கார்டையும் முன்கதவையும் நசுக்கியிருந்தது.

"ஏனுங்க மேஸ்திரி, மூணு வாரத்துல மலைமேல ஒரு கல்யாணமுங்க. குடும்பத்தோட போகோணும். அதுக்குள்ள ஆயிருமுங்களா?"

"மூணு வாரம் எதுக்குங்க? நாலு நாள்ல எடுத்துட்டுப் போங்க" என்றேன்.

மட்கார்டைக் கழற்றினேன். கதவைக் கழற்றலாம் என்று பிடித்தபோது அது கீலோடு சேர்ந்து ஆடியது. கீல் மாட்டியிருக்கும் பில்லரைத் தட்டிப் பார்த்தேன். தகட்டுக்கு உண்டான ஓசை வரவில்லை. பூசணிக்காயைத் தட்டியதுபோல் இருந்தது. சுரண்டினால் பட்டி. அதற்கு அடியில் இன்னும் பட்டி. அதற்கும் கீழே துருப்பிடித்து அப்பளமாக நொறுங்கும் தகடு.

பழனிச்சாமி பக்கத்தில் நின்றிருந்தார். அப்புக்குட்டன் தகர டப்பாவில் பெயிண்ட் கலக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தார். எனக்குக் கச்சேரி களைகட்டிவிட்டது.

"இவன் டிங்கர் இல்லங்க, மிட்டாய்க் கடைக்காரன். பாகு காய்ச்சி ஊத்தியிருக்கான்."

அப்புக்குட்டன் சிரித்தார்.

"இவன் கையில சுத்தியலக் குடுத்தவன் யாரோ, அவனப் புடிச்சு மொதல்ல உள்ள போடணும்."

இன்னும் சிரித்தார். நான் திருப்புளியை உள்ளே விட்டு நெம்பினேன். பட்டிக் கட்டியோடு கறுப்பாக நீளமாக ஒரு கம்பி வந்தது. துடைத்துப் பார்த்தால் குடைக்கம்பி.

"பாத்தீங்களா? வண்டிக்குள்ள மழை பெய்யும்னு பயந்துபோய்க் குடையையே உள்ள வெச்சுக் கட்டியிருக்கான்."

அப்புக்குட்டன் பெயிண்ட் டப்பாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அடுத்த கடைக்காரர்கூட வந்து எட்டிப் பார்த்தார். பழனிச்சாமி மட்டும் சிரிக்கவில்லை. கம்பியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இப்பிடியே ஓட்டியிருந்தா என்னங்க ஆகியிருக்கும்?"

"மலை வளைவுல யாராச்சும் கதவுல சாஞ்சா கதவோட போயிருப்பாங்க."

"அந்தப் பக்கம் என்ற பொண்ணுதானுங்க உக்காருவா." பிறகு, "இது வித்தவருக்குத் தெரிஞ்சிருக்குமுங்களா?" என்று கேட்டார்.

தம்பிகளே, இந்தக் கேள்வி உங்களிடமும் வரும். பதில் எனக்குத் தெரியாது. விற்றவரை நான் கண்டேனா? தெரியாது என்று சொல்லியிருந்தால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் நாலு பேர் சிரித்துக்கொண்டிருக்கும்போது தெரியாது என்ற வார்த்தை நாக்கில் வருவதில்லை.

"தெரியாம எப்பிடிங்க இருக்கும்? கண்ணு இருக்கறவனுக்குத் தெரியும். தெரிஞ்சேதான் தள்ளி உட்டிருக்கான்."

பழனிச்சாமி கம்பியை பானெட் மேல் வைத்தார். "வித்தவன் என்ற சிநேகிதனுங்க. ரண்டு வருசம் அவனூட்டுச் சோத்தத் தின்னவனுங்க நானு" என்றார். யாரிடம் என்றில்லாமல் சொன்னார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்துவிட்டார். அவர் முகம் எனக்கு ஒருமாதிரியாக இருந்தது. ஆனால் அப்புக்குட்டன் மறுபடியும் குடைக்கம்பியை எடுத்துப் பிடித்து நடந்து காட்டியதும் அதையும் மறந்துவிட்டேன்.

மூன்றாவது நாள் மத்தியானம் பில்லரின் அடிப்பகுதியைத் திறந்தேன். உள்ளே இரண்டு குடைக்கம்பிகள் குறுக்கே கிடந்தன. அவற்றின்மேல் ஒரு தகரத் துண்டு. துண்டின் ஓரம் முழுக்கச் சின்னச் சின்னதாக, எலிப்பல் மாதிரி மடிக்கப்பட்டிருந்தது. பட்டி வழுக்காமல் பிடிக்கட்டும் என்று குறடால் அப்படி மடிப்பார்கள். மடிப்பார்கள் என்ன, மடிப்பேன். யாரும் சொல்லிக்கொடுக்காமல் நானாகக் கண்டுபிடித்த வழி அது. வேறு யாரும் செய்து நான் பார்த்ததில்லை.

அப்புக்குட்டனிடம் போனேன். அவர் கதவின் பெயிண்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அடியில என்ன கலர்?"

"கறுப்பாணு மேஸ்திரி. நல்ல கறுப்பு."

உடும்பஞ்சோலையில் ஏலக்காய் வியாபாரி ஒருவரிடம் ஒரு கறுப்பு அம்பாசடர் இருந்தது. பெயர் செல்லையா. அடைமழைக் காலத்தில் ஒருநாள் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். இரண்டு பக்கப் பில்லரும் அடியில் துருவேறிப் போயிருந்தன. இரண்டு நாளில் அவர் மதுரைக்குப் போயாக வேண்டும். மலைப்பாதை சரிந்து லாரி வராமல், தகடு என்று ஒரு சாண்கூட ஊரில் இல்லை. முந்தின நாள்தான் என் குடை காற்றில் உடைந்திருந்தது. அதன் கம்பிகளை வெட்டிக் குறுக்கே கொடுத்தேன். பிஸ்கட் டின்னை வெட்டி மேலே வைத்தேன். பட்டி பூசித் தேய்த்துக் கறுப்பு அடித்தேன். ஆறு மாதம் தாங்கும், அதற்குள் கூப்பிட்டுப் புதுத் தகடு வைத்துவிடலாம் என்று எண்ணிக்கொண்டேன்.

செல்லையா வந்து பார்த்தார். கையால் தடவினார். "என்னப்பா, கம்பெனியிலருந்து எறங்குன மாதிரி இருக்கு" என்றார். கடைத்தெருவில் இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இது ஆறு மாதத்துக்குத்தான் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் அவர் மதுரை போய்விட்டார். அடுத்த மாதம் நான் மலையைவிட்டு இறங்கிவிட்டேன். பிறகு மறந்தே போனேன்.

தகடில்லாத ஊரில் குடைக்கம்பி வைத்தது குற்றம் என்று இன்றும் நான் சொல்லமாட்டேன். வைத்ததைச் சொல்லாமல் விட்டதுதான் குற்றம். பாராட்டு வாங்கிய வேலைக்குள் ஒரு குறையை வைத்துக்கொண்டு அதைச் சொல்வது எவ்வளவு கடினம் என்று பாராட்டு வாங்கும்போதுதான் உங்களுக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் பழனிச்சாமி வந்தார். நான் தகரத் துண்டைச் சாக்குக்கு அடியில் தள்ளியிருந்தேன்.

"மேஸ்திரி, செல்லையாவுக்குத் தந்தி குடுத்துட்டனுங்க. நாளைக்குக் காலைல இங்கயே வர்றான். மூஞ்சிக்கு நேரா ஒரே ஒரு வார்த்த கேக்கோணும். அப்புறம் அவன் வழி அவனுக்கு, என்ற வழி எனக்கு."

"கல்யாணமுன்னு சொன்னீங்களேங்க?"

"அவன் பொண்ணு கல்யாணந்தானுங்க. இனி எங்க போறது?"

"ஒருவேள அவருக்குத் தெரியாமகூட இருந்திருக்கலாமுங்க" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "கண்ணு இருக்கறவனுக்குத் தெரியுமுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க?"

"சொன்னேனுங்க" என்றேன்.

அவர் போன பிறகு தகரத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் சொல்லாமல் இருக்கவும் வழி இருந்தது. பழைய பில்லரை வெட்டி பழைய இரும்பு வாங்கும் ஆக்கர்காரனிடம் எறிந்துவிட்டுப் புதுத் தகடு வைத்துவிட்டால், முன்பு வேலை செய்தவன் எவனோ, இன்று வேலை செய்பவன் நான். காரும் நல்ல காராகிவிடும். சிநேகிதர்கள் இரண்டு பேர் மட்டும் பேசாமல் போவார்கள். அவர்கள் எனக்கு என்ன உறவா? இப்படியெல்லாம் மனசு வசதியாகக் கணக்குப் போட்டது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். செல்லையா பஸ்ஸிலிருந்து இறங்கி ஓட்டமும் நடையுமாக வந்தார். கையில் ஒரு துணிப்பை. அதற்குள்ளிருந்து ஏலக்காய் வாசனை வந்தது. தந்தியில் ஒர்க்‌ஷாப் விலாசமும் உடனே வா என்பதும் மட்டுமே இருந்ததால் யாருக்கோ என்னமோ ஆகிவிட்டது என்று பயந்து வந்திருக்கிறார். பழனிச்சாமி நல்லபடியாக நிற்பதைப் பார்த்ததும் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தார். நான் வெல்டிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டு காரின் அந்தப் பக்கம் குனிந்துகொண்டேன்.

"என்னய்யா பழனி, உசுரே போச்சு எனக்கு. என்ன விசயம்?"

பழனிச்சாமி பில்லரைக் காட்டினார். "பாரு. இதையாச்சும் எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல? என்ற பொண்ணு உக்கார்ற எடம். என்னயவே ஏமாத்திப்போட்டியே."

செல்லையா குனிந்து பார்த்தார். ஓட்டைக்குள் விரலை விட்டார். முகம் வெளுத்துவிட்டது. "சத்தியமா எனக்குத் தெரியாது பழனி."

"கண்ணு இருக்கறவனுக்குத் தெரியுமுன்னு மேஸ்திரி சொல்றாரு."

"எந்த மேஸ்திரி சொன்னாலும் சரி, எனக்குத் தெரியாது."

"அப்ப இதச் செஞ்சவன் திருட்டுப்பய. அந்தத் திருட்டுப்பய யாருன்னாச்சும் சொல்லு."

இங்கேதான் நான் எதிர்பாராதது நடந்தது. செல்லையா எழுந்து நின்றார்.

"என்னய என்ன வேணா சொல்லு, கேட்டுக்கிறேன். அந்தப் பயலச் சொல்லாத. குருசாமின்னு எங்க ஊர்ல இருந்தவன். மழைல நனஞ்சுக்கிட்டு ரெண்டு நாளு தூங்காம எனக்கு வேல பாத்துக் குடுத்தான். தங்கமான வேலக்காரன். அவன் இப்பிடிச் செய்யமாட்டான். பெறகு வேற எவனோ கைய வெச்சிருக்கான்."

கண்ணாடிக்குள் எனக்குக் கண் கலங்கியது. யாரென்று தெரியாமல் என்னை நானே திட்டியபோது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. என்னை ஒருவர் விட்டுக்கொடுக்காமல் பேசியதும் நிற்க முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றினேன். கஞ்சிக்கோட்டில் பழகிய பேச்செல்லாம் எங்கேயோ போய்விட்டது. போடிப் பேச்சு வந்துவிட்டது.

"வேற எவனும் இல்லய்யா. நாந்தேன்."

குரலைக் கேட்டுத்தான் செல்லையா அடையாளம் கண்டார். "குருசாமியா? எலேய், நீ இங்கயா இருக்க?"

சாக்குக்கு அடியிலிருந்து தகரத் துண்டை எடுத்துப் பழனிச்சாமி கையில் கொடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். தகடில்லாதது, குடை உடைந்தது, பாராட்டு வாங்கியது, வாயை மூடிக்கொண்டது. "இவருக்கு ஒண்ணுந் தெரியாதுய்யா. நேத்தே எனக்கு வெளங்கிருச்சு. நேத்தே சொல்லியிருக்கணும். சொல்லாம விட்டேன். அதையும் சேத்துச் சொல்லிப்புட்டேன்."

அப்புக்குட்டன்தான் முதலில் வாயைத் திறந்தார். "அப்போ மேஸ்திரி, அந்த மிட்டாய்க் கடைக்காரன்…"

"நாந்தேன்."

"சுத்தியல் கொடுத்தவனெ ஜெயில்ல இடணும்னு சொன்னது…"

"எங்க சித்தப்பாதேன் குடுத்தாரு. போதும் அப்புக்குட்டா."

செல்லையாவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. என்ன பேச்சு இது என்று கேட்டு, அப்புக்குட்டன் மூன்று நாள் கச்சேரியையும் ஒன்றுவிடாமல் நடித்துக் காட்ட, அவர் பெஞ்சிலேயே சரிந்துவிட்டார். பழனிச்சாமி சிரிக்கவில்லை. தகரத் துண்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு செல்லையா பக்கத்தில் போய் உட்கார்ந்து துணிப்பையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"காலைல ஏதாச்சும் சாப்டயா?"

"தந்தி குடுத்தவன் சோத்தப் பத்தி எழுதலயே."

"வா, ஊட்டுக்குப் போலாம்." எழுந்தவர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "இந்த வண்டிய வேற மேஸ்திரிகிட்டக் குடுத்துருங்க. நானே ஆளச் சொல்லி விடறேன்" என்றேன்.

"எதுக்குங்க?" என்றார் பழனிச்சாமி. "வேற ஆளு வந்தா எங்கெங்க என்ன இருக்குதுன்னு தேடோணும். உங்களுக்குத்தான் எல்லாந் தெரியுமே. நீங்களே பண்ணுங்க. வேற எங்கயாச்சும் இருக்குதுங்களா?"

"வலது பக்கமும் இருக்குங்க."

"அது நான் உக்கார்ற பக்கமாச்சே. அப்பறம்?"

"டிக்கிக்கு அடியில கொஞ்சம்."

அப்போதுதான் பழனிச்சாமி சிரித்தார். சத்தம் வராத சிரிப்பு. தோள் மட்டும் குலுங்கியது.

நாலு நாள் என்று சொன்ன வேலை பதினாறு நாள் ஆனது. இரண்டு பில்லரையும் அடியோடு வெட்டிப் புதுத் தகடு வைத்தேன். மூடுவதற்கு முன் பழனிச்சாமியைக் கூப்பிட்டு உள்ளே காட்டினேன். அவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அன்றிலிருந்து ஓய்வு பெறும்வரை எந்தப் பில்லரையும், எந்தக் கதவின் உட்புறத்தையும், வண்டிக்காரரைக் கூப்பிட்டுக் காட்டாமல் நான் மூடியதில்லை. சிலர் சலித்துக்கொள்வார்கள், வேலை கெடுகிறது என்பார்கள். பரவாயில்லை. கூப்பிட்டுக் காட்டுங்கள். ஒட்டுப் போட்டிருந்தால் ஒட்டு என்று சொல்லுங்கள், எத்தனை நாள் தாங்கும் என்பதையும் சொல்லுங்கள். முன்னால் வேலை செய்தவனைத் திட்டுவதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அது நம்மால் நிறுத்த முடியாத பழக்கம். ஆனால் வண்டிக்காரர் காதில் விழாமல் திட்டுங்கள். அந்த மனிதன் எந்த மழையில் நின்று அதைச் செய்தான் என்பது உங்களுக்குத் தெரியாது.

வண்டியை எடுக்க வந்த அன்று பழனிச்சாமி கதவை நாலைந்து தடவை திறந்து மூடிப் பார்த்தார். பிறகு, "ஞாயித்துக்கெழம விடியறதுக்கு முன்ன வெள்ளாப்புல தயாரா இருங்க மேஸ்திரி. நீங்களும் கல்யாணத்துக்கு வர்றீங்க" என்றார்.

"நான் எதுக்குங்க?"

"செல்லையா கூட்டிட்டு வரச் சொல்லியிருக்கறான். அதுவுமில்லாம, இந்தக் கதவுப் பக்கம் நீங்கதான் உக்காரோணும். என்ற பொண்ணு பின்னால உக்காந்துக்குவா."

அவர் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டாகச் சொல்கிறாரா, நிஜமாகவா என்று தெரியவில்லை. இரண்டும்தான் என்று இப்போது தோன்றுகிறது.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். உடுமலை தாண்டி மறையூர் ஏற்றம் தொடங்கியதும் என் வலது கை தானாக சீட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு வளைவிலும் உடம்பு கதவுப் பக்கம் சாயும், நான் எதிர்ப்பக்கம் இழுத்துக்கொள்வேன். கதவு இம்மி அசையவில்லை, கீல் ஒரு முனகல் முனகவில்லை. மூணாறு வந்தது. சின்னக்கானல் தேயிலைச் சரிவுகளில் வெயில் நன்றாக விழுந்திருந்தது. பின்சீட்டில் பிள்ளைகள் பாடிக்கொண்டு வந்தார்கள். பழனிச்சாமி பேசாமல் ஓட்டினார்.

உடும்பஞ்சோலையில் செல்லையா வீட்டு வாசலில் வாழைமரம் கட்டியிருந்ததாம், மேளக்காரர்கள் எழுந்து நின்றார்களாம், செல்லையா வந்து கார்க் கண்ணாடியில் தட்டினாராம். எனக்கு ஒன்றும் தெரியாது. சின்னக்கானலுக்கு அப்புறம் எந்த வளைவையும் நான் பார்க்கவில்லை. கதவில் சாய்ந்து வாயைத் திறந்துகொண்டு தூங்கியிருக்கிறேன்.